இன்னாசியம்மாள் விழவே இல்லை

இன்னாசியம்மாளுக்கு முதுகுவலி வந்ததிலிருந்து அந்தத் தெருவில் வைத்தியம் தெரியாத ஆள் என்று ஒருவரும் மிச்சமில்லை. நாகல் நகரில் அவள் மகள் சகாயசெல்வி நடத்திவந்த பியூட்டி பார்லருக்கு வருகிறவர்கள், புருவத்தில் நூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடியபடி மருந்து சொன்னார்கள். ஒருத்தி முடக்கத்தான் தோசை என்றாள். இன்னொருத்தி கட்டாந்தரையில் படுக்கச் சொன்னாள். அவள் எழுந்து போன அதே நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்தவள், தரையில் படுத்ததால்தான் தன் மாமியார் எழுந்திரிக்காமலே போய்ச் சேர்ந்தாள் என்றாள். செல்வி எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்று சொல்லிக்கொண்டு நூலை இழுத்தாள். ரொம்பப் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.

இன்னாசியம்மாளுக்கு அறுபத்தேழு வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல். கணவர் போன பிறகு மகளோடு இருந்தாள். மருமகன் சேவியர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். பார்லர் அடுத்த தெரு முனையிலேயே இருந்ததால் செல்வி நடந்தே போய்ப் பகலெல்லாம் அங்கே நிற்பாள். அம்மா வீட்டில் தனியாக டிவியைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் செல்வி வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"வாயுடி. உளுந்த வடை தின்னேன்ல."

செல்விக்கு அதை அதற்குமேல் கிண்ட நேரமில்லை. அந்த வாரம் அவளுக்கு வேறொரு சண்டை இருந்தது. வீட்டு வாசலில் நின்ற அவளுடைய ஸ்கூட்டியின் இண்டிகேட்டர் நொறுங்கிப் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. எதிர்வீட்டு மூக்கையா லோடு ஆட்டோ வைத்திருப்பவர். அதைத் திருப்பும்போது அவர்தான் இடித்திருக்க வேண்டும். செல்வி தெருவில் நின்று கேட்டாள். அவர் இல்லை என்றார். இவள் குரலை உயர்த்தினாள். இன்னாசியம்மாள் கதவு நிலையைப் பிடித்து நின்றபடியே, "நானும் பார்த்தேன், இவரு வண்டி அங்கனதான் நின்னுச்சு" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தாள். மூக்கையா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து ஆட்டோவைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

வாயு போகவில்லை. குனிந்தால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி, தும்மினால் "மாதாவே" என்று ஒரு சத்தம். பக்கத்துத் தெரு டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "கீழ கீழ விழுந்தீங்களாம்மா?"

"விழவே இல்லையே."

"அப்ப வயசு" என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை இருக்கும்வரை வலி இல்லை. மாத்திரை தீர்ந்ததும் வலி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

சேவியர் பெரும்பாவூரிலிருந்து ஒரு தைலம் வாங்கி வந்தான். வீடு முழுக்க லாரி கிரீஸும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. "என் முதுகும்தான் இருவது வருசமா வலிக்குது, யாரு கேட்டா?" என்று சொல்லிக்கொண்டே அதில் பாதியைத் தானே பூசிக்கொண்டான். மீதியைத் தேய்த்துவிட ராமுத்தாய் வந்தாள். ராமுத்தாய் பின்தெருக்காரி. அறுபது வயதிலும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் பூ மூட்டையை வைத்துக்கொண்டு விடிகாலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவள். அவள் தினமும் தவறாமல் வந்து தேய்த்துவிட்டதைப் பார்த்து, கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று செல்விக்குக் கண் கலங்கியது. ராமுத்தாய் தேய்க்கும்போது இன்னாசியம்மாளின் காதில் ஏதோ சொல்வாள். இன்னாசியம்மாள், "சும்மா கெட" என்பாள். சிரிக்க முயன்றால் வலிக்கும். அதற்கும் ராமுத்தாய்க்குத்தான் வசவு.

பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்றார்கள். பாதத்தை ஒரு இயந்திரத்தில் வைத்தால் அது கடகடவென்று ஆடி நரம்பைத் திறக்குமாம். பத்து நாள் இலவசமாக ஆட்டினார்கள். பதினோராம் நாள் காந்த மெத்தை விற்றார்கள். அதை வாங்காதவர்களின் நரம்பு அன்றோடு மூடிக்கொண்டது.

பார்லருக்கு வரும் பிரமிளா டீச்சர் ஒரு குணமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்தாள். "நம்ம கோயில்ல மெழுகுவர்த்தி கொளுத்தியாச்சுல்ல, அங்கயும் ஒரு எட்டுப் போய்ட்டு வருவோம்" என்று இன்னாசியம்மாளே கிளம்பினாள். மேடையில் ஒரு போதகர், முதுகுவலியோடு வந்த ஒரு தாயாரைத் தான் காண்பதாகச் சொன்னார். அந்தப் பந்தலில் முதுகுவலி இல்லாத தாயார் யாரென்று செல்வி சுற்றிலும் பார்த்தாள். அதற்குள் யாரோ அம்மாவின் கையைத் தூக்கிவிட்டார்கள். மேடைக்கே கூட்டிப் போய்விட்டார்கள். ஜெபம் முடிந்ததும் போதகர் மைக்கை வைத்துக்கொண்டு, "குனிந்து தரையைத் தொடுங்கள், தாயே" என்றார். கூட்டம் பார்க்கிறது, பேண்டு வாத்தியம் வேறு. இன்னாசியம்மாள் ரோஷக்காரி. குனிந்து தொட்டும்விட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

இன்னாசியம்மாள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தரையைப் பார்த்தபடியே சொன்னது மைக்கில் தெளிவாகக் கேட்டது.

"தொட்டுட்டேன் பாஸ்டர். இனி நீங்கதான் நிமித்தி விடணும்."

இரண்டு தொண்டர்களும் செல்வியுமாகச் சேர்ந்து அவளை நிமிர்த்தி ஆட்டோவில் ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் செல்வி முடிவெடுத்தாள், இனி எவர் பேச்சையும் கேட்பதில்லை, எலும்பு டாக்டரிடம் போவது என்று.

எலும்பு டாக்டர் சௌகத் அலி அதிகம் பேசாதவர். தட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் தட்டியபோது இன்னாசியம்மாள் அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, முதுகெலும்பில் ஒரு கட்டையைக் காட்டினார். மற்றவை சதுரமாக இருக்க, அது மட்டும் மேலே பாரம் ஏற்றிய அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பக்கம் நசுங்கி இருந்தது.

"எப்ப விழுந்தீங்கம்மா?"

"நான் விழல சார்."

"பாத்ரூம்ல வழுக்கி? படியில?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இன்னாசியம்மாள் மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள். "விழவே இல்ல" என்றாள்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். செல்வி திரும்பி வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விழுந்து அடிபட்டிருந்தால் இந்த வயதில் இப்படி நசுங்குவது சகஜம். அடியே படாமல் நசுங்கியிருந்தால் வேறு சிலதையும் பார்த்தாக வேண்டும். எலும்புக் காசநோயா, வேறு எங்காவது கட்டி இருந்து இங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பயப்படாதீங்க, இல்லைன்னு உறுதிப்படுத்திக்கத்தான்" என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கும் மதுரையில் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்ன பிறகு பயப்படாத ஆள் உண்டா? செல்வி வீட்டுக்கு வந்து குளிக்கிற அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சேவியருக்கு போன் போட்டாள். அவன் பாலக்காட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவனும் அழுதான். அம்மாவிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் பார்லரில் கவனம் இல்லாமல் ஒரு கல்யாணப் பெண்ணின் இடது புருவத்தைப் பாதியாக்கிவிட்டாள்.

அம்மாவிடம் அவள் காட்டிய அன்பு அளவு மீறிப் போனது. மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். சீரியல் நேரத்தில் ரிமோட்டை அம்மா கையிலேயே விட்டாள். அம்மா ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டபோது, "நல்லா இருக்கும்மா" என்று குடித்தாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ரசம் நல்லா இருக்கு என்று ஒருவர் சொன்னதே இல்லை.

இன்னாசியம்மாள் இதையெல்லாம் பேசாமல் கவனித்துக்கொண்டே இருந்தாள். மதுரைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டி, நான் எப்பச் சாகப் போறேன்?"

செல்வி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். "என்ன பேச்சும்மா இது?"

"புதன்கிழமை ஆட்டுக்கறி எடுத்த. பாலைப் பொங்க விட்டேன், ஒரு வார்த்தை பேசல. நேத்து எனக்குக் கால் நகம் வெட்டி விட்ட. உங்கப்பனுக்குக் கடைசியில நான் இப்படித்தான் வெட்டி விட்டேன். அவருகிட்டயும் யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குச் சொல்லிரு."

செல்வியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் அழுகையோடு கொட்டினாள். காசநோய் என்ற இடத்தில் இன்னாசியம்மாள் அசையவில்லை. கட்டி என்ற இடத்தில் கையைக் கழுவாமலே முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"விழாம நசுங்கியிருந்தாத்தான அந்த எழவெல்லாம்?"

"ஆமாம்மா."

"விழுந்து நசுங்கியிருந்தா?"

"விழுந்தா நசுங்கத்தான செய்யும்? அதுக்கு வைத்தியம் வேற."

இன்னாசியம்மாள் தள்ளி வைத்த தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள். "அப்ப நான் விழுந்தேன்" என்றாள்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லாதம்மா. எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்."

"உன் ஆறுதலுக்கு நான் எதுக்குடி விழணும்? மாசி மாசம் விழுந்தேன். உன் ஸ்கூட்டியில இருந்து விழுந்தேன். நம்பலைன்னா ராமுத்தாயைக் கூப்புடு."

செல்வி நம்பவில்லை. ஸ்கூட்டியின் கைப்பிடியை அம்மா தொட்டுப் பார்த்து அவள் கண்டதில்லை. சாவி ஆணியில் தொங்கும், அவள் பார்லரில் நிற்பாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ராமுத்தாய்க்கு போன் போட்டாள். ராமுத்தாய் மடியில் மிச்சப் பூவோடு வந்து நின்றாள். தாயும் மகளும் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினாள்.

"சொல்லியாச்சாக்கா?"

"சொல்லிட்டேன். இவ நம்ப மாட்டேங்குறா."

ராமுத்தாய் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தாள். ஆறேழு மாதமாக அடக்கி வைத்திருந்தது அருவி மாதிரி கொட்டியது. மூடிக்கிடக்கிற நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் மத்தியான நேரத்தில்தான் பாடம். தை பிறந்ததிலிருந்து நடந்திருக்கிறது. வாத்தியார் ராமுத்தாய். முதலில் எக்ஸ்எல்லில் பழக்கினாள். மிதித்துக் கிளப்ப முடியவில்லை என்று அக்கா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நேரா விட்டா நல்லாத்தான் ஓட்டும் உங்கம்மா. நிறுத்துறதுலதான் தகராறு. அன்னிக்குப் பன்னி ஒண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக்கைப் புடிக்கான்னு கத்துனேன். புடிச்சுச்சு. ஆனா முறுக்குன கையை விடல. வண்டி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். பொத்துன்னு உக்காந்த வாக்குல விழுந்துச்சு."

"விழுந்தவளைத் தூக்காம இவ சிரிச்சா" என்றாள் இன்னாசியம்மாள்.

"சிரிச்சுட்டுத் தூக்குனேன்ல. பன்னிக்கு ஒண்ணும் ஆகல, செல்வி."

செல்வி எழுந்தாள். கோபப்பட நினைத்தாள், ஆனால் நாலு நாளாக நெஞ்சில் இருந்த பாறை சரிந்து போனதில் கோபத்துக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று வந்தது. அது அடங்கினதும் கேட்டாள்.

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போகலையா?"

"கூட்டிட்டுத்தான் போற. யாரு இல்லைன்னா? உங்கப்பன் சைக்கிள்ல பின்னால உக்காந்து போனேன். உன் புருசன் வண்டியில பின்னால போனேன். இப்ப உன் பின்னால போறேன். பொறந்ததுல இருந்து எவன் முதுகையாச்சும் பார்த்துக்கிட்டேதான் போயிருக்கேன். ஒரு தடவையாச்சும் ரோட்டைப் பாத்துப் போகணும்னு இருந்துச்சு. ஆசை. அம்புட்டுத்தான்."

செல்வி ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். "அத்தனை பேரு கேட்டாங்களே, விழுந்தீங்களான்னு. சொல்லக் கூடாதா?"

"நீ பக்கத்துலயே நின்ன. எப்படிச் சொல்ல? சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருவ."

"அப்ப நான் தேய்ச்சது தப்பாப் போச்சோ?" என்று ராமுத்தாய் நடுவில் கவலைப்பட்டாள். "உடைஞ்ச எலும்புல அவ்வளவு அழுத்தி..."

"அதான் உயிர் போச்சே" என்றாள் இன்னாசியம்மாள். "தினமும் வந்து கொன்ன. பாவம் தீர்க்குறேன்னு வர்ற, வேணாம்னா சொல்ல முடியும்?"

செல்வி டாக்டருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனசு கொஞ்சம் லேசாகிறது, ஆனாலும் எடுக்கச் சொன்ன பரிசோதனைகளை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை, காசநோய் இல்லை. விழுந்ததில் நசுங்கிய எலும்பு, அதுவும் வயதில் சல்லடையாகிப்போன எலும்பு என்று தெரிந்தது. சத்து மாத்திரையும் ஒரு ஊசியும் கொடுத்தார். முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் பெல்ட் போடச் சொன்னார். குனிந்து எதையும் தூக்கக் கூடாது, எவரும் முதுகில் கை வைத்துத் தேய்க்கக் கூடாது, குப்புறப் படுத்துச் செய்கிற சில பயிற்சிகளைத் தினமும் செய்ய வேண்டும். தைலம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, காந்த மெத்தையையும் மேடையையும் பற்றிச் செல்வி வாயைத் திறக்கவில்லை.

டாக்டரிடமிருந்து திரும்பின அன்றே அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. எதிர்வீட்டுக்குப் போனாள். மூக்கையா வெளியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. அன்னிக்கு உங்களைத் தப்பாப் பேசிட்டேன். வண்டியை இடிச்சது நீங்க இல்ல. எங்கம்மா."

"தெரியும் தாயி."

"எப்படி?"

"நான் அன்னிக்கு மில்லுக்குப் பின்னாடிதான் செங்கல் இறக்கிக்கிட்டு இருந்தேன். பன்னி ஓடுனதுல இருந்து பாத்தேன்."

செல்விக்கு முகம் எரிந்தது. "அப்ப ஏன்ணே சொல்லல? தெருவே பாக்க அம்புட்டுப் பேசுனேனே."

"உங்கம்மா தரையில உக்காந்துக்கிட்டே என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. வயசான பொம்பள. சரி, போகட்டும்னு விட்டேன்." வெங்காயத்தில் ஒன்றை எடுத்துத் தோலை உரித்தார். "ஆனா மறுநாள் அது எனக்கு எதிரா சாட்சி சொல்லும்னு நான் நெனைக்கல."

செல்வி வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் இதைச் சொன்னாள். இன்னாசியம்மாள் பெல்ட்டோடு குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ அந்தக் கத்துக் கத்துற. நான் வேற என்னடி செய்ய? அந்த மனுசனுக்கு ரெண்டு கிலோ ஆட்டுக்கறி எடுத்துக் குடு."

கறி கொடுத்தார்கள். அவர் ஆட்டோ மறுபடியும் வாசலுக்கு எதிரே வந்து நின்றது.

மூன்று மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனார்கள். இன்னாசியம்மாள் சுவரைப் பிடிக்காமல் நடந்து உள்ளே போனாள். டாக்டர் படத்தைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கை தள்ளப்படவில்லை.

"வலி பத்துக்கு எவ்வளவும்மா இப்ப?"

"எதுக்குன்னு கேளுங்க சார். கோயிலுக்குப் போக ஒண்ணு. ராமுத்தாய் வீட்டுக்குப் போக ரெண்டு. பாத்திரம் வெளக்க ஒம்பது."

டாக்டர் செல்வியைப் பார்த்தார். செல்வி கூரையைப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டலாமா சார்?" என்று கேட்டாள் இன்னாசியம்மாள், ரொம்பச் சாதாரணமாக.

"இன்னொரு தடவை விழுந்தா படுக்கைதாம்மா. கூடாது."

"பின்னால ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டுறாங்களாமே? அதுல விழ வழியே இல்லைன்னு ராமுத்தாய் சொன்னா."

செல்வி அம்மாவை எழுப்பி, கும்பிடு போட வைத்து, அறையை விட்டு வெளியே கூட்டிவந்தாள். வலி முழுக்கப் போகவில்லை. போகாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் எழும்போது கொஞ்சம் இருக்கும், மழைக்காலத்தில் கூடுதலாக இருக்கும். அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்றார். பழகிக்கொண்டார்கள். பாத்திரத்தை இப்போது செல்விதான் விளக்குகிறாள். சேவியர் வந்திருக்கும் நாளில் அவன். இன்னாசியம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அடி பிடித்திருக்கும் இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருப்பாள்.